மேல்முகமா, பக்கமுகமா? ஒரு பிஸ்மத் அயோடைடு படிகத்துக்கு வந்த இரண்டு தீர்ப்புகள்

படிகம் ஒன்றுதான். 2016-ல் அது வலுவான டோபாலஜிக் காப்பான் (உள்ளே மின்சாரத்தைக் கடத்தாமல் மேற்பரப்பில் மட்டும் கடத்தும் பொருள்) என்று ஒரு குழு அறிவித்தது. 2019-ல் இன்னொரு குழு, இல்லை, அது பலவீனமான வகை என்று காட்டியது. முதல் கட்டுரை 'நேச்சர் மெட்டீரியல்ஸ்' இதழிலும் இரண்டாவது 'நேச்சர்' இதழிலும் வந்தது. இரண்டு குழுக்களுமே படிகத்தின் மேல் ஒளியைப் பாய்ச்சி, தெறித்து வரும் எலெக்ட்ரான்களை அளந்துதான் முடிவுக்கு வந்தன. அப்படியானால் பதில் எப்படி மாறியது?

ராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து வந்து படிக்கும் முதுகலை இயற்பியல் மாணவர்களோடு இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டோம். தொண்டி, கீழக்கரை, பாம்பன் பக்கத்துப் பிள்ளைகள். மண்டபத்தில் விடுமுறை நாட்களில் கூடிப் படிக்கும் சிறு வட்டம் எங்களுடையது. பாடப்புத்தகத்தில் ஒரு பொருளின் பண்பு முடிந்த முடிவாக அச்சாகியிருக்கும். அந்த முடிவு எந்தச் சான்றின் மேல் நிற்கிறது என்று பார்க்கும் பழக்கம் வர வேண்டும் என்பது என் ஆசை. அதற்கு இதைவிட நல்ல வழக்கு எனக்குத் தெரியாது.

படிகம்

இதில் நான்கு பிஸ்மத் அணுக்களுக்கு நான்கு அயோடின் அணுக்கள். அவை நீண்ட சங்கிலிகளாக ஓடுகின்றன. சங்கிலியின் நடுவில் உள்ள பிஸ்மத் அணு மூன்று பிஸ்மத் அணுக்களோடு பிணைந்திருக்கும். ஓரத்தில் உள்ளது ஒரே ஒரு பிஸ்மத்தோடும் நான்கு அயோடினோடும் சேர்ந்திருக்கும். நீளவாக்கில் சுமார் 4.4 ஆங்ஸ்ட்ராமுக்கு ஒருமுறை அமைப்பு திரும்ப வரும். சங்கிலிக்குள்ளே உறுதியான சகபிணைப்பு உண்டு. ஒரு சங்கிலிக்கும் அடுத்ததற்கும் நடுவில் வான் டெர் வால்ஸ் விசை என்ற மெலிதான ஈர்ப்பு மட்டுமே. சங்கிலிகள் பக்கம் பக்கமாக நின்று ஒரு தளமாகின்றன, தளங்கள் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருக்கின்றன. இந்த அமைப்பை 1978-லேயே ஜெர்மனியில் ஃபான் ஷ்நேரிங் குழுவினர் எழுதி வைத்துவிட்டார்கள். அப்போது டோபாலஜி என்ற பேச்சே இந்தத் துறையில் இல்லை.

பாசி வளர்ப்பு மிதவை கட்டுவதற்காகக் கரையில் மூங்கில்களை அடுக்கி வைத்திருப்பார்கள். அந்த அடுக்கின் மேலிருந்து ஒரு வரிசையை உருவலாம், பக்கவாட்டிலிருந்தும் ஒரு வரிசையை உருவலாம். மூங்கிலைக் குறுக்கே முறிப்பதுதான் பாடு. இந்தப் படிகமும் அப்படித்தான் பிளக்கும். (001) என்ற மேல்முகத்திலும் பிளக்கும், (100) என்ற பக்கமுகத்திலும் பிளக்கும். 2009 முதல் பேர்பெற்ற பிஸ்மத் செலினைடு போன்ற பொருள்கள் தாள் தாளாக மேலே மட்டும்தான் சுத்தமாகப் பிரியும். ஏறக்குறைய ஒருபரிமாணமாக இருக்கும் பொருள்களின் பெரிய கொடை இந்த இரண்டாவது முகம். இந்த வழக்கே அதன் மேல்தான் நிற்கிறது.

பொருளில் உள்ள அயோடினும், பின்னால் வரப்போகும் புரோமினும் நம் பக்கத்துக்குத் தூரத்துச் சொந்தம் என்று சொல்லலாம். 1811-ல் பிரான்சில் கூர்த்துவா கடற்பாசிச் சாம்பலிலிருந்து அயோடினைக் கண்டார். 1826-ல் பலார் உப்பு எடுத்தபின் மிஞ்சும் கசப்பு நீரிலிருந்து புரோமினைப் பிரித்தார். மரிக்கொழுந்துப் பாசியும் கட்டக்கோரையும் எடுக்கும் கரையிலிருந்தும், வாலிநோக்கத்து உப்பளப் பக்கமிருந்தும் வரும் பிள்ளைகளுக்கு இதைச் சொன்னதும் ஆவர்த்தன அட்டவணையின் அந்த நெடுவரிசை சற்று நெருங்கி வந்தது.

மேற்பரப்பில் எலெக்ட்ரான்

படிகம் முடியும் இடத்தில் எலெக்ட்ரானுக்குத் தனி நிலைகள் கிடைக்கலாம் என்று இகோர் தாம் என்ற இயற்பியலாளர் 1932-லும் ஷாக்லி 1939-லும் சொல்லிவிட்டார்கள். அந்தப் பழைய வகை நிலைகள் மேற்பரப்பின் தயவில் வாழ்பவை. அழுக்குப் படிந்தால், அணு அடுக்கு கொஞ்சம் மாறினால் இடம் பெயரும், சில சமயம் காணாமலே போகும். டோபாலஜி தரும் மேற்பரப்பு நிலை வேறு. படிகத்தின் உட்பகுதியில் ஆற்றல் பட்டைகளின் (எலெக்ட்ரான்கள் இருக்கக்கூடிய ஆற்றல் வரம்புகளின்) வரிசை தலைகீழாகியிருப்பதால் அது பிறக்கிறது. உட்பகுதி அப்படியே இருந்து, காலத்தலைகீழ் சமச்சீரும் (காலத்தைப் பின்னோக்கி ஓட்டினாலும் விதிகள் மாறாத தன்மை) உடையாத வரை அதை அழிக்க முடியாது. பிஸ்மத்தின் அணு எண் 83. அவ்வளவு கனமான அணுவில் எலெக்ட்ரானின் ஸ்பின்னும் (தற்சுழற்சி போன்ற பண்பு) அதன் ஓட்டமும் இறுக்கமாகப் பிணைந்திருப்பதால் பட்டைகள் தலைகீழாவது எளிது.

2007-ல் ஃபூ, கேன், மெலே என்ற இயற்பியலாளர்கள் முப்பரிமாணக் காப்பான்களை வகை பிரித்தார்கள். வலுவான வகையில் எந்த முகத்தைப் பார்த்தாலும் ஒற்றைப்படை எண்ணிக்கையில் டிராக் கூம்புகள் இருக்கும். டிராக் கூம்பு என்பது இரண்டு பட்டைகள் ஒரே புள்ளியில் தொட்டுக் கூம்பாக விரியும் மேற்பரப்பு நிலை. பலவீனமான வகையில் சில முகங்களில் இரட்டைப்படை எண்ணிக்கையில் இருக்கும், ஒரு முகத்தில் ஒன்றுமே இருக்காது. அதே ஆண்டு ஃபூவும் கேனும் ஒரு குறுக்குவழியும் தந்தார்கள். படிகத்துக்கு மையச் சமச்சீர் இருந்தால் உந்த வெளியின் (எலெக்ட்ரானின் உந்தங்களைக் குறிக்கும் வரைபடத்தின்) எட்டுப் புள்ளிகளில் நிரம்பிய பட்டைகளின் பாரிட்டியை, அதாவது மையத்தின் வழியே புரட்டினால் அலை குறி மாறுகிறதா என்று சொல்லும் +1 அல்லது −1 எண்ணை, பெருக்கினால் போதும், வகை தெரிந்துவிடும்.

நம் படிகத்தின் முழுப் பெயர் பீட்டா-பிஸ்மத் அயோடைடு. அதில் அந்த எட்டில் இரண்டுதான் பேசும். அவற்றுக்கு எம், எல் என்று பெயர். தளத்துக்குள் இரண்டுக்கும் ஒரே உந்தம். தளங்களை அடுக்கியிருக்கும் திசையில் மட்டும் வேறுபடுகின்றன. எம்-ல் மட்டும் பட்டை தலைகீழானால் குறியீடு (1;110), வலுவான வகை. எம், எல் இரண்டிலும் தலைகீழானால் (0;001), பலவீனமான வகை. இரண்டிலும் இல்லையென்றால் (0;000), சாதாரணக் காப்பான்.

இதைக் கரும்பலகையில் இரண்டே எழுத்துகளில் எழுதினோம். ஒற்றைத் தளத்தில் பட்டை எவ்வளவு தலைகீழாகியிருக்கிறது என்பது 'அ'. தளங்கள் ஒன்றையொன்று தொடுவதால் வரும் மாற்றம் 'ஆ', அது மிகை எண். எம்-ல் கிடைப்பது அ+ஆ, எல்-ல் கிடைப்பது அ−ஆ. மிகையாக வந்தால் தலைகீழ். அ, ஆ-வைவிடப் பெரியதென்றால் இரண்டு இடத்திலும் தலைகீழ், ஆகப் பலவீனமான வகை. அ, −ஆ-வுக்கும் +ஆ-வுக்கும் நடுவில் விழுந்தால் எம்-ல் மட்டும், ஆக வலுவான வகை. அதற்கும் கீழே போனால் ஒன்றுமில்லை.

இப்போது பாருங்கள். வலுவான வகைக்குக் கிடைக்கும் இடம் 2ஆ அகலமே உள்ள ஒரு சன்னல். வான் டெர் வால்ஸ் விசையால் மட்டும் ஒட்டியிருக்கும் தளங்களில் ஆ சிறியது. ஆகவே சன்னலும் குறுகல். அயோடைடில் அ-வும் சிறியதாக இருப்பதுதான் சிக்கல். கணக்கில் சிறு பிழை வந்தாலும் அ சன்னலுக்கு உள்ளேயும் போகலாம், வெளியேயும் போகலாம்.

2016: எதிரெதிரான இரண்டு கட்டுரைகள்

அந்த ஒரே ஆண்டில் இரண்டு கணிப்புகள் வந்தன. செங்-செங் லியூ, ஜின்-ஜியான் சோ, யூகுய் யாவ், ஃபான் சாங் நால்வரும் 'பிசிக்கல் ரிவியூ லெட்டர்ஸ்' இதழில், பிஸ்மத் புரோமைடும் அயோடைடும் பலவீனமான வகையாக இருக்கலாம் என்றார்கள். இரண்டு இயற்கையான பிளவு முகங்கள் இருப்பதால் அதைச் சோதித்துப் பார்க்கவும் முடியும் என்று சேர்த்துச் சொன்னார்கள். இது வெறும் கோட்பாட்டுக் கட்டுரை.

ஓத்தேஸும் கூட்டாளிகளும் எழுதிய கட்டுரைதான் முதலில் சொன்ன 'நேச்சர் மெட்டீரியல்ஸ்' கட்டுரை. அதில் கணிப்பும் இருந்தது, சோதனையும் இருந்தது. அவர்கள் கணக்கு (1;110) என்று வந்தது. மேல்முகத்தில் கோணம் பிரித்து அளக்கும் ஒளியுமிழ்வுச் சோதனை செய்தார்கள். 1905-ல் ஐன்ஸ்டைன் விளக்கிய ஒளிமின் விளைவுதான் இதன் அடித்தளம். எலெக்ட்ரான் எந்தக் கோணத்தில், எவ்வளவு ஆற்றலோடு வெளியே வருகிறது என்று அளந்தால் உள்ளே அது எந்தப் பட்டையில் இருந்தது என்று பின்னோக்கிக் கணக்கிடலாம். எம், எல் இரண்டும் மேல்முகத்தில் ஒரே புள்ளியின் மேல் விழும். அந்தப் புள்ளியில் பட்டைகள் ஒன்றையொன்று வெட்டுவது தெரிந்தது. சங்கிலித் திசையில் ஒரு சரிவு, குறுக்கே வேறு சரிவு. ஒளியின் ஆற்றலை மாற்றியும் அந்த வெட்டு நகரவில்லை. மேற்பரப்பு நிலைக்கு அதுதான் வழக்கமான அடையாளம் என்பதால் தீர்ப்பு எழுதப்பட்டது.

அந்தக் கட்டுரையை அலட்சியமான வேலை என்று யாராவது சொன்னால் நான் ஒப்ப மாட்டேன். பலவீனமான வகைக்கும் சாதாரண வகைக்கும் மிக அருகில்தான் இந்தப் பொருள் நிற்கிறது என்று அதன் சுருக்கவுரையிலேயே வெளிப்படையாக எழுதியிருக்கிறார்கள். அதற்குப் பின் வந்த எல்லாக் கேள்விக்கும் அந்த ஒரு வாக்கியம் கதவைத் திறந்து வைத்தது.

சான்றில் எனக்குப் போதாமையாகத் தெரிவது இரண்டு இடங்கள். ஒளியின் ஆற்றலை மாற்றினால் உட்பகுதிப் பட்டை நகரும், மேற்பரப்பு நிலை நகராது என்பது முப்பரிமாணத்தில் நன்றாகப் பிணைந்த பொருளுக்குக் கூர்மையான சோதனை. அடுக்குகள் தளர்வாக ஒட்டிய பொருளில் உட்பகுதிப் பட்டையே அந்தத் திசையில் அதிகம் நகராது. ஆ சிறியது என்று சொல்வதும் இதைச் சொல்வதும் ஒன்றுதான். ஆகவே 'நகரவில்லை' என்பதன் எடை இங்கே குறைகிறது. இரண்டாவது, சிறிய இடைவெளி. பட்டைகள் உண்மையில் தொடுகின்றனவா, இல்லை கொஞ்சம் விலகி நிற்கின்றனவா என்பதே இங்கே கேள்வி. அந்த விலகல் கருவியின் பிரிதிறனுக்குப் பக்கத்தில் வந்துவிட்டால் இரண்டு படங்களும் ஒரே மாதிரி தெரியும்.

மேல்முகத்தை மட்டும் வைத்துக்கொண்டு இந்த வழக்கை முடிக்க முடியாது. பக்கமுகம் சாட்சிக்கு வர வேண்டும்.

2019: பக்கமுகம் பேசியது

பக்கமுகத்தைப் பார்ப்பது சொல்லும்போது எளிது. படிகத்தைப் பிளந்தால் மேல்முகத் துண்டுகளும் பக்கமுகத் துண்டுகளும் படிக்கட்டு படிக்கட்டாகக் கலந்து வெளிப்படும். சங்கிலிப் பொருள் பிளக்கும் விதமே அதுதான். பத்து, நூறு மைக்ரோமீட்டர் அகலமுள்ள ஒளிப்புள்ளியை அதன் மேல் வைத்தால் இரண்டு முகங்களின் எலெக்ட்ரான்களும் சேர்ந்து வரும். எது எந்த முகத்துச் செய்தி என்று பிரிக்க வழியில்லை.

டோக்கியோ பல்கலைக்கழகத்தின் நோகுச்சி, கோண்டோ குழுவினர் ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைவான சிங்க்ரோட்ரான் (எலெக்ட்ரான்களை வளையத்தில் வேகமாகச் சுற்றவைத்து ஒளி எடுக்கும் இயந்திரம்) ஒளிப்புள்ளியைப் பயன்படுத்தினார்கள். பிளந்த பரப்பின் மேல் அதை நகர்த்தி, ஒவ்வொரு முகத்தையும் தனித்தனியாகக் கேட்டார்கள். பக்கமுகத்தில் ஏறக்குறைய ஒருபரிமாண டிராக் நிலை தெளிவாக இருந்தது. மேல்முகம் டோபாலஜிக் கணக்கில் இருட்டு. பீட்டா-பிஸ்மத் அயோடைடு பலவீனமான வகை என்பதற்குச் சோதனைச் சான்று அப்படிக் கிடைத்தது.

எங்கள் வட்டத்தில் இந்த இடத்தில்தான் நல்ல கேள்வி எழுந்தது. பாம்பனிலிருந்து வரும் மாணவர் கேட்டார்: "சார், மேலே ஒண்ணும் தெரியலைங்கிறதை எப்படிச் சான்றா எடுத்துக்கிறது? கருவி சரியாப் பார்க்கலைன்னும் சொல்லலாமே?"

சரியான கேள்வி. ஒரு முகத்தில் ஒன்றும் இல்லை என்று மட்டும் சொன்னால் அது சான்று ஆகாது. அதே பிளவில், அதே கருவியில், பக்கத்துத் துண்டில் நிலை பளிச்சென்று தெரிகிறது, இந்தத் துண்டில் தெரியவில்லை என்றால்தான் அந்த இன்மைக்கு எடை வரும். பலவீனமான வகையின் கையெழுத்து இந்த ஜோடிதான். ஒன்றில் உண்டு, இன்னொன்றில் இல்லை. முகங்களில் ஏதாவது ஒன்றை விட்டாலும் கையெழுத்து முழுமையாகாது. இயற்பியலில் இல்லாமையை நிரூபிக்கும் இவ்வளவு சுத்தமான சோதனைகள் அரிது என்பேன்.

இந்த வகையை ஒற்றைத் தளத்திலிருந்தும் புரிந்துகொள்ளலாம். ஒவ்வொரு தளமும் ஓர் இருபரிமாண டோபாலஜிக் காப்பான். அதன் ஓரத்தில் மட்டும் எலெக்ட்ரான் ஓடும், ஒரு ஸ்பின் இந்தப் பக்கம் போனால் எதிர் ஸ்பின் அந்தப் பக்கம் போகும். தளங்களை அடுக்கினால் ஓரங்கள் எல்லாம் பக்கமுகத்தில் வந்து வரிசையாக நிற்கும். மேல்முகத்தில் ஓரமே கிடையாது, அதனால் அங்கே நிலையும் கிடையாது. ஓரங்களுக்கிடையே தொடர்பு மெலிதாக இருப்பதால் பக்கமுகத்தில் எலெக்ட்ரான் சங்கிலித் திசையில் வேகமாகவும் குறுக்கே மந்தமாகவும் போகும். நம் இரண்டெழுத்துக் கணக்கும் இதையே சொல்கிறது. பக்கமுகத்தில் எம், எல் இரண்டும் வெவ்வேறு புள்ளிகளில் விழுவதால் கூம்புகள் இரண்டு. மேல்முகத்தில் இரண்டும் ஒரே இடத்தில் விழுந்து ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன.

27 டிகிரி

இந்தப் பொருளுக்கு ஆல்ஃபா என்று இன்னொரு வடிவமும் உண்டு. சங்கிலிகள் மாறாது, அடுக்கும் விதம் மட்டும் மாறும். பீட்டாவில் திரும்பத் திரும்ப வரும் அலகுக்கு ஒரு தளம், ஆல்ஃபாவில் இரண்டு தளம். ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறுவது சுமார் 300 கெல்வினில். அதாவது ஏறக்குறைய 27 டிகிரி செல்சியஸ். ராமேஸ்வரத்து மார்கழி விடியலும் சித்திரை மதியமும் அந்தக் கோட்டின் இரு பக்கமும் விழும். டோபாலஜி மாற்றம் என்றாலே திரவ ஹீலியத்தில் குளிர வைத்துத்தான் பார்க்க வேண்டும் என்று நினைத்திருந்த பிள்ளைகள் இதைக் கேட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ஒளியுமிழ்வுச் சோதனையை மட்டும் உப்புக்காற்றில் செய்ய முடியாது. எலெக்ட்ரான் தப்பி வருவது மேலே உள்ள சில அணு அடுக்குகளிலிருந்துதான். அதனால் மிக உயர்ந்த வெற்றிடத்துக்குள்ளேயே படிகத்தைப் பிளக்க வேண்டும்.

2019 கட்டுரை ஆல்ஃபாவைச் சாதாரணக் காப்பான் என்று எழுதியது. இரண்டாவது தீர்ப்பிலும் ஒரு பகுதி திருத்தத்துக்கு வந்தது இங்கேதான். 2021-ல் ஹுவாங்கும் கூட்டாளிகளும் 'பிசிக்கல் ரிவியூ எக்ஸ்' இதழில் இரு வடிவங்களின் இரு முகங்களையும் கூர்மையான பிரிதிறனில் அளந்து வெளியிட்டார்கள். பீட்டாவின் பக்கமுகத்தில் இடைவெளியில்லாத டிராக் கூம்புகள் இரண்டு, மேல்முகத்தில் எதுவுமில்லை. பலவீனமான வகை என்பது இதனால் உறுதியானது. ஆல்ஃபாவின் பக்கமுகத்திலோ அந்த நிலை மறையவில்லை, நடுவில் ஓர் இடைவெளி திறந்திருந்தது.

காரணம் கரும்பலகையிலேயே கிடைக்கும். தளங்கள் இரண்டிரண்டாகச் சேரும்போது எம், எல் இரண்டும் மடிந்து ஒரே புள்ளிக்கு வருகின்றன. அவற்றின் இரண்டு கூம்புகளும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து இடைவெளியைத் திறக்கின்றன. பக்கமுகமும் காப்பானாகிவிட்டால் ஓடுவதற்கு மிஞ்சுவது முகங்கள் சேரும் விளிம்புக் கோடு மட்டுமே. இப்படி விளிம்பில் மட்டும் நிலை இருக்கும் பொருளுக்கு உயர்வரிசை டோபாலஜிக் காப்பான் என்று பெயர். ஆல்ஃபா-பிஸ்மத் அயோடைடு அப்படிப்பட்டதாக இருக்கும் என்று கோட்பாடு சொல்லியிருந்தது, அளவீடு அதற்கு இசைந்து வந்தது. பொருள்களை ஆயிரக்கணக்கில் தானாகச் சலித்துத் தயாரித்த டோபாலஜி அட்டவணைகளில் இந்த வகை சிக்கவில்லை. அட்டவணையில் 'சாதாரணம்' என்று போட்டிருப்பதை அப்படியே நம்பி ஒரு பொருளை ஒதுக்கிவிடக் கூடாது என்பதற்கு இது பலமான எடுத்துக்காட்டு.

புரோமைடு

அயோடினுக்குப் பதில் புரோமினை வைத்தால் அ பெரிதாகிறது, தயக்கம் குறைகிறது. ஒற்றைத் தளப் புரோமைடில் சுமார் 0.18 எலெக்ட்ரான்வோல்ட் இடைவெளி இருக்கும் என்று 2014-லேயே கணித்திருந்தார்கள். 2021-ல் நோகுச்சி குழு, முப்பரிமாணப் புரோமைடு உயர்வரிசை வகை என்பதற்குச் சான்று கொடுத்தது. 2022-ல் சுமியாவும் பிரின்ஸ்டனின் ஹசன் குழுவும் வருடு ஊசி நுண்ணோக்கியால் அதன் மேற்பரப்பைப் பார்த்தார்கள். 200 மில்லி எலெக்ட்ரான்வோல்ட்டுக்கு மேல் இடைவெளி. ஒற்றைத் தளப் படியின் ஓரத்தில் மட்டும் அந்த இடைவெளிக்குள் ஒரு நிலை, அதுவும் அறை வெப்பநிலையிலேயே. காந்தப்புலம் கொடுத்தபோது அந்த ஓர நிலையில் இடைவெளி திறந்தது. காலத்தலைகீழ் சமச்சீர்தான் அதைக் காத்து நிற்கிறது என்பதோடு இது பொருந்துகிறது. அறை வெப்பநிலையில் வெப்பக் குலுக்கலின் ஆற்றல் சுமார் 26 மில்லி எலெக்ட்ரான்வோல்ட். அதைப் போல ஏழெட்டு மடங்கு இடைவெளி இருப்பதால்தான் குளிர வைக்காமலே ஓரத்தைத் தனியாகப் பார்க்க முடிகிறது.

இங்கிருந்து என்ன செய்யலாம்

கீழக்கரை மாணவி கேட்டது வேறு கேள்வி. "ஒரு மைக்ரோமீட்டர் ஒளிக்கு நாம எங்கே சார் போறது?" இந்தூரில் 2.5 ஜிகா எலெக்ட்ரான்வோல்ட் இந்தஸ்-2 சிங்க்ரோட்ரான் இருக்கிறது. முனைவர் பட்ட ஆய்வுக்குப் போகிறவர்கள் அங்கே நேரம் கேட்டு விண்ணப்பிக்கலாம். ஆனால் இந்த வழக்கின் பாதி சோதனைக்கூடத்தில் நடக்கவில்லை, எம், எல் என்ற இரண்டு புள்ளிகளின் கணக்கில் நடந்தது. அதற்கு ஒரு நல்ல கணினியும் குவாண்டம் எஸ்பிரஸ்ஸோ போன்ற இலவச மென்பொருளும் பொறுமையும் போதும். படிகத்தின் அணு இடங்கள் 1978-லிருந்து அச்சில் இருக்கின்றன.

அப்படித்தான் தொடங்கியிருக்கிறோம். முதலில் ஸ்பின்-ஓட்டப் பிணைப்பை விட்டுவிட்டு ஒரு கணக்கு, பிறகு சேர்த்து ஒரு கணக்கு. இரண்டிலும் எம், எல் புள்ளிகளில் பாரிட்டி எப்படி மாறுகிறது என்று எழுதி வைப்பது. அப்புறம் தளங்களுக்கிடையேயான தூரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டியும் குறைத்தும் அ, ஆ இரண்டும் எங்கே சமமாகின்றன என்று தேடுவது. ஒரு திசையில் இழுத்தோ அழுத்தியோ இரண்டு டோபாலஜி மாற்றங்களை வரவைக்கலாம் என்று லியூ குழு 2016-ல் சொன்னது. அதுவும் இந்தத் தேடலுக்குள் வரும். எலெக்ட்ரான்களுக்கிடையேயான விசையைத் தோராயப்படுத்தும் முறையை மாற்றினால் எல்-ன் குறி மாறுகிறதா என்று பார்க்கும் பொறுப்பைத் தொண்டியிலிருந்து வரும் இருவர் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். 2016-ல் இரண்டு குழுக்கள் பிரிந்தது அந்தக் குறியில்தான் என்பதால், எந்த முறை எந்தக் குறியைத் தருகிறது என்ற அட்டவணையை அவர்களே தயாரித்து அடுத்த கூட்டத்தில் வைப்பார்கள்.